தாய் என்று அழைத்த நோய்

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் அந்த வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள். கைமாற்று கேட்க வந்தவர் திரும்பிவிடுவார். பிச்சைக்கு வந்தவரும் அடுத்த வாசலுக்கு நகர்ந்துவிடுவார். கவனிக்காமல் படியேறியவரை உள்ளிருந்து ஒரு குரல் நிறுத்தும்: “உள்ள வராதீங்கக்கா, சின்னவனுக்கு அம்மா வந்திருக்குது.” வந்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “தாயே, குளுந்து போயிடு” என்று சொல்லிவிட்டு வந்த வழியே போவாள். நோய், கொப்புளம், தொற்று என்ற சொற்களில் ஒன்றுகூட அந்தப் பேச்சில் வராது. கேட்டவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். என்ன வந்திருக்கிறது, எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எந்தக் குரலில் பேச வேண்டும் என்பது வரைக்கும் விளங்கிவிடும்.

இப்படிப் பேசிய ஊர்களில் ஒன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளிப் பக்கத்து நாகரசம்பட்டி. ஊரைச் சுற்றியுள்ள நிலம் பழைய பாராமகால். 1792-ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த நிலம் இது. பிறகு சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-ல் தருமபுரி மாவட்டத்துக்குப் போனது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டமானது. வடக்கே ஓசூர்த் தொழிற்பேட்டைகள், அவற்றைத் தாண்டினால் கர்நாடகம். ஒரே சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கேட்கும் எல்லைப்பகுதி. இத்தனை மொழிகள் பேசினாலும், பெரியம்மை வந்தபோது தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் அதைக் கூப்பிட்ட விதம் ஒன்றாகவே இருந்தது. தாய் என்றார்கள்.

அந்த நோய் எப்படிப்பட்டது என்பதை இன்றைய தலைமுறை பார்த்ததில்லை. கடும் காய்ச்சலில் தொடங்கும். முகத்திலும் கைகால்களிலும் நெருக்கமாகக் கொப்புளங்கள் எழும்பி, சீழ் பிடித்து, பக்காகி உதிரும். தடுப்பூசி போடாதவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேரை அதன் கொடிய வகை கொன்றது. பிழைத்தவர்கள் முகத்தில் தழும்போடு வாழ்ந்தார்கள். பலருக்குக் கண் போனது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 30 கோடிப் பேர் இதற்குப் பலியானார்கள் என்பது மதிப்பீடு. வந்த பிறகு குணப்படுத்த அன்று மருந்து என்று எதுவும் இருக்கவில்லை.

கையில் மருந்தில்லாத மக்கள் அதற்கென ஒரு தனிப் பேச்சையே உருவாக்கினார்கள். நோய் ‘வரவில்லை’, அம்மா ‘வந்தாள்’, ‘வார்த்தாள்’. உடம்பில் எழும்பியது கொப்புளமல்ல, ‘முத்து’. முத்து மேலும் மேலும் எழும்பினால் ‘ஆத்தா விளையாடுறா’. குறையத் தொடங்கினால் ‘எறங்கிட்டா’. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று ஒற்றைப்படையில் நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஊற்றுவது ‘தலைக்குத் தண்ணி ஊத்துறது’. பிள்ளை இறந்துபோனால், அந்தத் துயரத்திலும் ‘ஆத்தா எடுத்துக்கிட்டா’ என்பார்களே தவிர, நோய் கொன்றது என்று சொல்லமாட்டார்கள்.

இந்தப் பேச்சுக்குள் ஒரு முழு நடைமுறை அடங்கியிருந்தது. அம்மா வந்திருக்கும் வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. கம்மங்கூழ், மோர், இளநீர் என்று குளிர்ந்ததாகக் கொடுப்பார்கள். நோயாளிக்கு வாழையிலையிலோ வேப்பிலை பரப்பிய பாயிலோ படுக்கை. சொறியக் கூடாது, வேப்பங்கொத்தால் வருடிவிட வேண்டும். வெளியூர் போய் வந்தவர் உள்ளே நுழையக் கூடாது. அந்த வீட்டுக்காரர்களும் அடுத்த வீட்டுக்குப் போக மாட்டார்கள். இதில் எவ்வளவு மருத்துவம், எவ்வளவு பக்தி என்று அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. விருந்தாளியாகத் தாயே வந்திருக்கும்போது வீடு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. ஒரு தொற்றுநோய் மருத்துவர் கேட்டிருக்கக்கூடிய தனிமைப்படுத்தலில் பாதியை ‘அம்மா’ என்ற ஒரு சொல்லே செய்து முடித்தது.

அச்சம் ஒரு சொல்லின் பொருளை இப்படித் திருப்பிவிடும் என்பது தமிழ் இலக்கணக்காரர்களுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்வுகளை எண்ணுகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பவை அவை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களையும் சொல்கிறது. அச்சத்தின் நான்கு காரணங்களில் முதலாவது அணங்கு, அதாவது வருத்தும் தெய்வ ஆற்றல். விலங்கும் கள்வரும் அரசனும் அதற்குப் பின்னால்தான் வருகிறார்கள்.

பின்னால் வந்த நன்னூல், சொல்லத் தக்க சொல்லால் சொல்லும் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்தது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தவரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலத்துக்கு உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டுகள். படமெடுத்து ஆடும் நஞ்சுப் பாம்பை நல்ல பாம்பு என்று ஊரே அழைப்பதும் இந்த வழியில்தான். பயப்படுகிற பொருளை அதன் நேர்ப் பெயரால் அழைத்தால் அது வந்துவிடும், கோபித்துக்கொள்ளும் என்ற உணர்ச்சி அமங்கலத்தை மங்கலமாக்குகிறது. பெரியம்மையில் அந்த உணர்ச்சி இன்னும் ஒரு படி மேலே போனது. பாம்பை ‘நல்ல’ என்று சொன்னவர்கள் அதைத் தாய் என்று சொல்லவில்லை. இந்த நோயைத் தாய் என்றார்கள், வரவேற்றார்கள், பொங்கல் வைத்தார்கள். மாரி என்ற சொல் மழையையும் குறிக்கும், சாவையும் அம்மை நோயையும் குறிக்கும், தெய்வத்தையும் குறிக்கும். கோடையில் கொதிக்கும் உடம்பும் வறண்ட நிலமும் ஒரே தாயிடம் குளிர்ச்சி கேட்டன. ஆடியில் கூழ் ஊற்றுவதும் மாவிளக்கு எடுப்பதும் இன்றும் இந்தப் பகுதி ஊர்களில் அந்த வேண்டுதலாகவே நடக்கின்றன.

எல்லையைத் தாண்டிப் பார்த்தால் இந்த உணர்ச்சி ஒரு மொழிக்கு மட்டும் உரியதல்ல என்பது தெரியும். தெலுங்கில் நோய்க்கும் தெய்வத்துக்கும் பெயர் அம்மவாரு. சின்னம்மைக்கு ஆட்டலம்மா, விளையாட்டுத் தாய். தமிழின் விளையாட்டம்மையும் அதே நினைப்பில் பிறந்த சொல். கன்னடத்தில் சிடுபு என்ற நேர்ப்பெயர் இருந்தும், வீட்டுப் பேச்சில் ‘அம்ம ஆகிதெ’ என்பார்கள். வட இந்தியாவில் மாதா, சீதளா. சீதளா என்றால் குளிர்ந்தவள். உடம்பை எரிக்கும் நோயின் தெய்வத்துக்கு இப்படி ஒரு பெயர். யாழ்ப்பாணத்தில் அம்மாள் வருத்தம். சிங்களத்தில் தெய்வங்களின் நோய் என்ற பொருளில் ‘தெய்யங்கே லெட’. பஞ்சாபிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரே அச்சம் ஒரே திசையில் சொற்களை நகர்த்தியிருக்கிறது.

உணர்ச்சி பொருளை எப்போதும் இந்தத் திசையில்தான் நகர்த்தும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே ஊர்களில் தொழுநோய் வந்தவருக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் இது விளங்கும். தொழுநோய் பெரியம்மையைப் போல வேகமாகப் பரவுவதில்லை, ஆளை உடனே கொல்வதும் இல்லை. ஆனாலும் ‘பெருவியாதி’ என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் முகத்தைத் திருப்பினார்கள். பெரியம்மை கண்ட பிள்ளை வீட்டுக்குள் தெய்வமாக அமர்ந்தது. தொழுநோய் கண்டவர் ஊருக்கு வெளியே போனார். முன்னதில் வேலை செய்தது அச்சத்தோடு கூடிய பக்தி. பின்னதில் தொல்காப்பியம் இளிவரல் என்று சொல்லும் அருவருப்பு. முதலாவது சொல்லைத் தாயாக்கியது. இரண்டாவது அதை வசையாக்கியது. நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. மணமுறிவுக்கான காரணங்களில் தொழுநோயும் ஒன்றாக இருந்த விதியை எடுக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பலமருந்துச் சிகிச்சை 1980-களிலேயே வந்து, நோய் குணமாகக்கூடியதாகிவிட்ட பிறகும் அந்தச் சொல்லின் மேல் படிந்த உணர்ச்சி இத்தனை காலம் நின்றது.

அம்மை என்ற சொல்லுக்கு உண்மையான சோதனை தடுப்பூசி வந்தபோதுதான் நேர்ந்தது.

1796-ல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைக் கொப்புளத்தில் ஊறும் பாலைக் கொண்டு மனிதரைப் பெரியம்மையிலிருந்து காக்க முடியும் என்று காட்டினார். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தியாவின் முதல் ஊசி வெற்றிகரமாகக் குத்தப்பட்டது. அந்தக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த பால் கைமாறிக் கைமாறி மற்ற ஊர்களுக்குப் போனது. சென்னை மாகாணத்திலும் விரைவில் குத்தும் வேலை தொடங்கியது. கம்பெனி அதிகாரிகளுக்கு இது ஓர் உயிர்காக்கும் வழி. மக்களுக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. தாய் வருவதைத் தடுப்பது அவளை அவமதிப்பது ஆகாதா? கோபித்துக்கொண்டால் ஊர் தாங்குமா? ஒருவர் கையிலிருந்து எடுத்த நீரை இன்னொருவர் கையில் செலுத்துவது சாதித் தீட்டையும் கிளப்பியது. பிள்ளையை ஒளித்துவைத்தவர்கள் உண்டு. ஊசிக்காரர் வருகிறார் என்று கேட்டதும் காட்டுப்பக்கம் போய்விட்டவர்களும் உண்டு. இதற்கு விலையாகப் போன உயிர்கள் ஏராளம். தாய் என்ற சொல் வீட்டுக்குள் நோயாளியைக் காத்தது. அதே சொல் அவரைக் காத்திருக்கக்கூடிய ஊசியைப் பல காலம் வாசலில் நிறுத்திவைத்தது.

அந்தக் கதவைத் திறந்தவை உணர்ச்சியைப் புரிந்துகொண்ட முயற்சிகள். எல்லைக்கு அப்பால் மைசூரிலிருந்து இதற்கு ஓர் அரிய சான்று கிடைக்கிறது. 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓவியம் ஒன்றில் மைசூர் அரசகுடும்பப் பெண்கள் மூவர் நிற்கிறார்கள். வலப்பக்கம் நிற்கும் இளம்பெண் சேலை முந்தானையைச் சற்றே ஒதுக்கி மேற்கையைக் காட்டுகிறார். அவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் மனைவி தேவாஜம்மணி என்றும், ஊசி குத்திய இடத்தையே அவர் சுட்டுகிறார் என்றும், தடுப்பூசியின் மேல் நம்பிக்கை வளர்க்க இது வரையப்பட்டது என்றும் ஆய்வாளர் நைஜல் சான்சலர் கருதுகிறார். அரசி குத்திக்கொண்டாள் என்ற செய்தி ஊசியின் பொருளை மாற்றியது. அந்நியன் கொண்டுவந்த தீட்டாக இருந்தது அரண்மனையே ஏற்ற காப்பாயிற்று.

சென்னையில் எல்லிஸ் வேறு வழி கண்டார். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-ல் எழுதிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ்தான் அவர். பசுவின் மீது மக்களுக்கு இருந்த பக்தியை எடுத்துக்கொண்டு, தடுப்பூசிப் பாலைப் பசு தந்த கொடையாகக் காட்டும் ஒரு பழங்கதைப் பாணி ஆக்கத்தை எழுதினார். பழைய நூலைப் போல ஒன்றைப் புதிதாக எழுதித் தருவது நேர்மையா என்ற கேள்வி பின்னாளில் ஆய்வாளர்களிடம் எழுந்தது. ஆனால் மக்கள் எந்த உணர்ச்சியைக் கொண்டு பொருள் கொள்கிறார்கள் என்பதை அவர் சரியாகப் பிடித்திருந்தார்.

தமிழ் தானாகவே இதற்கு ஒரு வழி கண்டது. தடுப்பு மருந்துக்கு அது வைத்த பெயர் அம்மைப்பால். போடுவது அம்மை குத்துவது. நோயின் பெயரும் தாயின் பெயரும் மருந்தின் பெயரும் ஒன்றுக்குள் வந்து சேர்ந்தன. அம்மைப்பால் தயாரிப்பதற்கென்றே 1899-ல் நிறுவப்பட்டது கிண்டி கிங் நிலையம். கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்து எடுத்த பால் அங்கிருந்து மாகாணமெங்கும் போனது. நோயைத் தந்தவளே அதைத் தடுக்கும் பாலையும் தருகிறாள் என்று எண்ணிக்கொள்ள அந்தப் பெயர் இடம் கொடுத்தது. ஊசி போட்டுக்கொண்டு வந்து மாரியம்மனுக்கு மாவிளக்கும் எடுக்கலாம். ஒன்றுக்கொன்று பகையாக வேண்டியதில்லை.

புதிய நோய்கள் வந்தபோதும் மக்கள் பழைய உணர்ச்சியைக் கொண்டுதான் அவற்றுக்குப் பொருள் தேடினார்கள். 1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியது. எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்துகொண்டு வயலில் குடிசை போட்டுத் தங்கிய காலம் அது. பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. ஆங்கிலப் பெயர் அப்படியே நிற்க, பக்கத்தில் தாய் வந்து சேர்ந்தாள். 2021-ல் கோவை இருகூர்ப் பகுதியில் காமாட்சிபுரி ஆதீனம் கொரோனா தேவி சிலையை நிறுவியபோது நாடெங்கும் பலர் வியந்தார்கள். பிளேக் மாரியம்மனை அறிந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அதில் வியக்க எதுவும் இல்லை.

சொற்பொருளில் உணர்ச்சிக்கு இருக்கும் இடத்தை அறிவியல் அளக்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். 1957-ல் சார்லஸ் ஆஸ்குட் தம் கூட்டாளிகளோடு வெளியிட்ட நூல், மக்கள் ஒரு சொல்லை உணரும் விதத்தில் மூன்று அளவைகள் முன்னே நிற்கின்றன என்று காட்டியது: நல்லதா கெட்டதா, வலியதா மெலியதா, துடிப்பானதா அமைதியானதா. அகராதிப் பொருளுக்கு அடியில் இந்த மூன்றும் ஓடுகின்றன. அம்மை என்ற சொல்லை இந்த அளவைகளில் வைத்துப் பார்த்தால் அதன் தனித்தன்மை புலப்படும். வலிமையில் அதற்கு மேல் சொல் இல்லை. துடிப்பில் அது விளையாடுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. நல்லது கெட்டது என்ற அளவையில் மட்டும், பட்டறிவு ஒரு பக்கம் இழுக்க, பக்தி மறுபக்கம் இழுத்துச் சொல்லை நல்லதன் பக்கம் நிறுத்தியது.

2019-ல் ஜோஷுவா ஜாக்சன் குழுவினர் 2,474 மொழிகளில் உணர்வுச் சொற்களை ஒப்பிட்டார்கள். ஒரே சொல் எந்தெந்த உணர்வுகளைச் சேர்த்துக் குறிக்கிறது என்பது மொழிக்குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது என்றும், இனிமையா கசப்பா, உடம்பைக் கிளர்த்துவதா ஆற்றுவதா என்ற அடிப்படைகள் எங்கும் ஒன்றாக இருக்கின்றன என்றும் கண்டார்கள். அணங்கு என்ற பழஞ்சொல்லில் தெய்வமும் வருத்தமும் அழகும் அச்சமும் ஒருங்கே கிடப்பதைப் படித்தவருக்கு இந்த முடிவு பழகிய ஒன்றாகவே தோன்றும்.

நோயை ஒழிக்கும் இறுதிக் கட்டத்தில் சொல்லே ஒரு தடையாக நின்றது. இந்தியாவில் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் 1962-ல் தொடங்கியது. 1973 இறுதியிலிருந்து நோயிருந்த மாநிலங்களில் வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. ‘இங்கே யாருக்காவது அம்மா வந்திருக்கிறாளா?’ என்று கேட்டால் சின்னம்மையும் தட்டம்மையும் சேர்ந்தே பதிலாக வரும். அல்லது பயந்து மறைத்துவிடுவார்கள். எனவே பணியாளர்கள் கையில் ஓர் அட்டையை எடுத்துச் சென்றார்கள். பெரியம்மை கண்ட ஒரு குழந்தையின் வண்ணப்படம் அதில் இருந்தது. சந்தையிலும் பள்ளியிலும் அந்தப் படத்தைக் காட்டி, இப்படி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டார்கள். தகவல் தந்தவருக்குப் பரிசும் உண்டு. நோய் அரிதாக அரிதாகத் தொகை உயர்ந்து ஆயிரம் ரூபாய் வரை போனது. தெய்வத்தின் பெயரைச் சொல்லத் தயங்கிய வாய், பரிச்சயமான ஒரு முகத்தைப் படத்தில் கண்டதும் தெருவைச் சொன்னது. 1975 மே மாதம் அஸ்ஸாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்ட நோயாளியே இந்தியாவின் கடைசி நோயாளி. 1980 மே 8 அன்று உலகமே இந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது.

நோய் போனது, சொல் இருக்கிறது. நாகரசம்பட்டியிலோ ஓசூர்த் தொழிற்சாலைக் குடியிருப்பிலோ இன்று ஒரு பிள்ளைக்கு ‘அம்மா வந்திருக்கு’ என்றால் அது சின்னம்மை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். மருத்துவரிடம் மாத்திரை வாங்குவார்கள், வேப்பிலையும் செருகுவார்கள், அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லும்போது சின்னம்மை என்பார்கள், பாட்டியிடம் சொல்லும்போது அம்மா என்பார்கள். உயிரைப் பறிக்கும் அச்சம் விலகிவிட்டதால், அந்தச் சொல்லில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் பாசமும் பழக்கமும்தான். பாட்டிக்கு மட்டும் அது இன்னும் கனமான சொல். தழும்பு முகங்களை நேரில் பார்த்த தலைமுறை அவர்களுடையது.

2022-ல் இன்னொரு நோய் செய்திகளில் வந்தது. தமிழ் நாளிதழ்கள் அதைக் குரங்கு அம்மை என்று எழுதின. அதில் வரும் அம்மை தாயல்ல; ஆங்கிலப் பெயரின் பிற்பாதிக்கு நேராக வைத்த கலைச்சொல். யாரும் அதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, கூழ் ஊற்றவும் இல்லை. பழைய பெயர் மனிதர்களை இழிவுபடுத்துகிறது, இனவெறிப் பேச்சுக்கு இடம்கொடுக்கிறது என்ற முறையீடுகள் வந்ததால், அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் எம்பாக்ஸ் என்ற புதுப்பெயரைப் பரிந்துரைத்தது. இரண்டு பெயர்களும் ஓராண்டு சேர்ந்து புழங்கட்டும், அதன்பின் பழையது மெல்ல விலகட்டும் என்று காலமும் கொடுத்தது.